முள் இறங்கும் வரை

சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. ஒரு முகத்தை மறந்தால் மறந்துவிட்டோம் என்றாவது தெரியும். சத்தம் அப்படியல்ல. மறந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டு, நான்தான் அது என்று சாதிக்கும். என் வீட்டுக்காரர் ஓட்டிய புதிய காரின் என்ஜின், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எப்படி வேகம் இறங்காமல் நின்றது என்று யாராவது கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவேன். ஆனால் அதில் எவ்வளவு காரின் சத்தம், எவ்வளவு என் தையல் மெஷினின் சத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆகவே நான் சொல்லும் சத்தங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஓட்டுநர். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப்போய் மையத்தில் விடவேண்டும். இயந்திரம் அவர்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். போகும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிறவர்கள் வரும்போது பிழிந்துபோட்ட துணிபோல் கிடப்பார்கள். ஊசி குத்திய கையைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்திருப்பார்கள். கார் குலுங்கினால் முதலில் துள்ளுவது அந்தக் கைதான்.

அதனால் அவர் ஓட்டும் விதமே தனி. நிறுத்தவேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். என்ஜின் மூச்சு தணிந்து, கார் தானாகவே தளர்ந்து வந்து நிற்கும். பிரேக்கைக் கடைசியில் மரியாதைக்கு ஒருமுறை தொடுவார், அவ்வளவுதான். அடுத்த தெருவில் இருக்கும் டீச்சரம்மா, கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அவருடைய முதல் சவாரி. எப்போதும் முன் இருக்கையில்தான் உட்காருவார். "நம்ம தேரோட்டிக்குப் பிரேக்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு" என்று எல்லோரிடமும் சொல்வார். பாராட்டாகத்தான்.

அந்தப் பழைய காரை மையம் விற்றுவிட்டுப் புதியதை வாங்கியது. சின்ன என்ஜின், ஆனால் அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்தது. மையத்தை நடத்தும் மேடம் சாவியைக் கொடுக்கும்போது, "ஆள் சின்னதுதான் அண்ணே, மூச்சு பெருசு" என்றாராம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் முதல் நாள் கிளம்பினார்.

சாயங்காலம் வந்தவர் சிரிக்கவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஜன்னலோரம் என் மெஷின். கீழே கார் நிறுத்தும் இடம் அங்கிருந்து தெரியும். கார் வந்து நின்று வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார். மேலே வந்து, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. இரண்டுபேரும் ஒரே அறையில் ஒரு மணிநேரம் பேசாமல் இருந்தால் சண்டை என்று அர்த்தமில்லை. ஆனால் அன்றைய மௌனம் எனக்குப் பழக்கமில்லாதது.

"வண்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"கால எடுத்தா இறங்க மாட்டேங்குது" என்றார்.

"எது?"

"என்ஜின். நான் கால எடுத்துட்டேன், கிளட்ச மிதிச்சுட்டேன். அது பாட்டுக்கு மேலயே நிக்குது. கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்ல நின்னு பேசிட்டே இருக்கிற விருந்தாளி மாதிரி. கியர் மாத்தினா ஒரு உலுக்கு. டீச்சரம்மா ஊசி குத்தின கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"புதுசுதானே. பழகிடும்."

அவர் கட்டைவிரலால் வலது பாதத்தின் மேற்புறத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காலுக்கு?"

"ஒண்ணுமில்ல. மரத்திருக்கு."

கால் மரத்துப்போவது அவருக்குப் புதிதல்ல. மையத்தில் இரத்தம் சுத்தமாகி முடிகிறவரை காத்திருக்கும் நேரம்தான் அவருடைய தூக்க நேரம். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் சாய்த்து, கால்மேல் கால் போட்டு, செத்த பிணம்போல் தூங்குவார். எழுப்பினால் முதலில் காலைத்தான் தட்டிக்கொள்வார். அதோடு அந்த வருடம் இளைத்தும் போயிருந்தார். சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று ஒரு டாக்டர் பயமுறுத்தியதிலிருந்து பாதி வயிற்றுக்குத்தான் சாப்பாடு. அவருடைய எல்லா பேன்ட்டுகளையும் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொடுத்திருந்தேன். உடம்பு குறைந்ததில் எங்கள் இரண்டுபேருக்கும் பெருமைதான்.

அதன்பிறகு நான் ஜன்னலுக்குக் காது கொடுக்க ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் கார் கீழே வரும். சுவரோரம் பின்னால் எடுத்து நிறுத்துவார். என்ஜின் ஒருமுறை உறுமும். காலை எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். எடுக்கவேண்டிய இடம் அது. ஆனால் உறுமல் அப்படியே நிற்கும். 'இறங்கு, இறங்கு' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு மனமில்லாமல் இறங்கும். அதற்கப்புறம் படிக்கட்டில் அவர் வரும் சத்தம். அதிலும் ஒன்று மாறியிருந்தது. இடது செருப்பு 'டப்' என்று படியில் விழும். வலது செருப்பு 'சர்க்' என்று உரசிக்கொண்டு வரும். அது அப்போதே என் காதில் விழுந்ததா, பிற்பாடு நடந்ததை வைத்து நானே அங்கே கொண்டுபோய் வைத்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். "கீழ வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். காய்கறிக்குக்கூட என்னைக் காரில் கூப்பிடாதவர். அது மையத்தின் கார் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்:

"நீ ரோட்டப் பாக்காத. என் காலப் பாரு."

"காலையா?"

"நான் எடுத்தேன்னு சொல்லும்போது நிஜமாவே எடுக்கிறேனான்னு பாரு."

அப்போதுதான் அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அவர் காரைச் சந்தேகப்படவில்லை. தன் காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கால் பொய் சொன்னால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அது பொய் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களோ, ஓடி விலகச் சக்தி இல்லாதவர்கள்.

குனிந்து பார்த்தேன். கீழே இருட்டாக இருந்தது. கறுப்பு மிதி, கறுப்பு செருப்பு. கார் ஓடியது.

"எடுத்துட்டேன்" என்றார்.

என்ஜின் மேலேயே நின்றது. முன்னால் என்ஜின் வேகம் காட்டும் மீட்டரில் முள் அசையாமல் இருந்துவிட்டு, யோசித்து, சாய்ந்தது.

"எடுத்தேனா?"

"எடுத்தீங்க."

குதிகால் அசைந்ததைப் பார்த்தேன். விரல் மிதியை விட்டு எழுந்ததா என்று பார்த்தேனா, குதிகால் அசைந்ததால் விரலும் எழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேனா, தெரியாது. அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப வண்டிதான்" என்றார். சொன்ன விதத்தில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. நம்பினால் நன்றாயிருக்கும் என்கிற ஆசைதான் இருந்தது.

வார விடுமுறையன்று மெக்கானிக்கிடம் போனோம். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அவருக்கு நாடிக்காரர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியும் மறந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"வாங்கண்ணே. அண்ணியும் வந்திருக்காங்க! வண்டிக்கு அவ்வளவு சீரியஸா?"

என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். நாடிக்காரர் சிரிக்காமல் கேட்டார். குழாய்களின் இணைப்புகளில் சோப்பு நுரை தெளித்து, எங்கேயாவது குமிழ் விடுகிறதா என்று பார்த்தார். காற்று கசிந்தாலும் என்ஜின் இப்படி இறங்காமல் நிற்குமாம். கசிவு இல்லை. காற்று உள்ளே போகும் வழியில் ஒரு வட்டத் தகடு கதவு மாதிரி திறந்து மூடுகிறது. அதைக் கழற்றித் துடைத்தார். துணியில் கரி கொஞ்சமாகத்தான் வந்தது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றார்.

"ஒண்ணுமில்லாமயா இப்படிப் பண்ணுது?"

"கேளுங்க. பழைய வண்டியில உங்க காலுக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஒரு கம்பி. நீங்க கால எடுத்தா கதவு பட்டுனு சாத்திக்கும். இதுல கம்பியே கிடையாது. நீங்க கால எடுத்தா ஒரு பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி யோசிக்கும். பட்டுனு சாத்தினா எரியாத பெட்ரோல் புகையா போகும்னு மெதுவா சாத்தும். அதுக்கு மேல டர்போ. அது குழாய் நிறைய காத்தை அடைச்சு வச்சிருக்கு. அதையும் என்ஜின் தின்னு தீர்க்கணுமில்ல?"

"அப்ப இது நோய் இல்லையா?"

"குணம்ணே. நோய்னா மருந்து இருக்கு. குணத்துக்கு எங்க போறது? அண்ணிகிட்ட கேளுங்க, உங்களுக்குக் கோபம் வந்தா பட்டுனு இறங்குதான்னு."

"வர்றதே தெரியாது. அப்புறம்தானே இறங்கறது" என்றேன். மூன்றுபேரும் சிரித்தோம். பல நாளுக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்தார்.

நாடிக்காரரே ஓட்டிக் காட்டினார். நாங்கள் உடன் போனோம், நான் பின்னால். நீண்ட சுற்றுச்சுவர் உள்ள ஒரு சாலை. சுவர் தொடங்கும் இடத்தில் காலை எடுத்தார். என்ஜின் மேலேயே நின்றது, யோசித்தது, இறங்கியது. "பாத்தீங்களா? என் காலுக்கும் அதே மரியாதைதான்." என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது அவர் ஓட்டினார். சுவரின் மறுமுனையில் காலை எடுத்தார். எடுத்ததாகச் சொன்னார்.

நாடிக்காரர் ஓட்டியபோது சுவர் முடிவதற்கு வெகு முன்பே சத்தம் இறங்கிவிட்டது. இவர் ஓட்டியபோது சுவர் முடியும்போதும் இறங்கவில்லை. இதுதான் என் நினைவு. ஆனால் திரும்பும்போது சாலை சற்று சரிவு. நான் பேசிக்கொண்டும் இருந்தேன். ஒரு சுவரை வைத்துக்கொண்டு மனிதனின் காலுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா? சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து பயம் கைமாறிவிட்டது. அவர் நன்றாகத் தூங்கினார், நான் தூங்கவில்லை. ஒரு குறைக்கு உண்மையான காரணம் ஒன்று அகப்பட்டுவிட்டால் மனம் இரண்டாவதைத் தேடாது. வீட்டில் ஒரு திருடன் பிடிபட்டால் அவனோடு வந்தவன் கட்டிலுக்கடியில் நிம்மதியாகப் படுத்திருக்கலாம். காரின் குணம் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்துகொள்ளலாம்.

வாசலைப் பெருக்கும்போது அவருடைய செருப்புகளை எடுத்து ஓரமாக வைத்தேன். வலது செருப்பின் முன்முனை தேய்ந்து, அடிப்பகுதி நாக்குபோல் பிரிந்திருந்தது. இடது செருப்பு வாங்கினபடியே இருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு எதுவும் பார்க்காதவள்போல் கீழே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் டீச்சரம்மா போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது வழக்கமில்லை.

"நான்தாம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், அதான் நான் சொல்றேன். பயப்படாத. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித் தொடங்கும் பேச்சைப்போலப் பயமுறுத்துவது வேறில்லை.

மையத்தின் வாசலில் ஆயாம்மா ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தாராம். இவர் வழக்கம்போல் தூரத்திலேயே காலை எடுத்திருக்கிறார். என்ஜின் இறங்கவில்லை. கார் தளராமல் போய் நாற்காலியை முட்டிவிட்டது. அது ஆயாம்மா கையிலிருந்து நழுவி, உருண்டு, சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

"காலி நாற்காலி. அடுத்து என்னைத்தான் அதுல உக்கார வைக்க இருந்தாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எல்லாரும் கார் மேலதான் சொல்றாங்க. மேடம் கம்பெனிக்கு எழுதறேன்னு குதிக்கிறாங்க. நாடிக்காரர் சொன்னதையெல்லாம் இவரும் சொன்னார். நானும் ஆமா ஆமான்னேன். எங்க தேரோட்டியை நான் விட்டுக்குடுப்பேனா?"

"ம்."

"ஆனா நான் பக்கத்து சீட்டும்மா. கார் இறங்கலைங்கிறது சரி. பிரேக் எங்க போச்சு? அந்தக் கால் பிரேக்குக்கு வந்து சேர்றதுக்குள்ள… அது தூங்கி எழுந்த கால் மாதிரி வந்துச்சு. எனக்குக் கணக்கு இடிக்குது. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "புது ஆயாம்மா, குறுக்கமறுக்க வர்றாங்க" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். நானும் கேட்கவில்லை. கேட்டால் கார் என்பார். கார் என்பதும் உண்மைதான். கேள்வியால் பிரிக்க முடியாத இரண்டு உண்மைகள் அவை.

அடுத்த நாள் அவருக்கு விடுமுறை. என்னிடம் ஒரு விடுதிக்கான திரைச்சீலைகள் குவிந்திருந்தன. நேர்த் தையலுக்கு அவசரத்தில் அவரை உட்கார வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கார் ஓட்டுவதைப்போலவே தைப்பார். சுண்ணாம்புக்கட்டியால் நான் போட்ட கோட்டில் ஊசி வந்து பூப்போல நிற்கும். என் மெஷினில் முன்பு இருந்த மோட்டார், காலை எடுத்தாலும் சற்று ஓடித்தான் ஓயும். அதை மாற்றிப் புது மோட்டார் போட்டிருந்தேன். இதில் பெடலிலிருந்து காலை எடுத்தால் எடுத்த இடத்தில் ஊசி நிற்கும். அடுத்த தையல் விழாது.

"கொஞ்சம் உக்காருங்களேன். கோட்டுல நிறுத்தினா போதும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கூலி என்ன?"

"காபி."

"சர்க்கரை போட்டா வரேன்."

உட்கார்ந்தார். மெஷின் ஓடியது. கோடு வந்தது. ஊசி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"அட" என்றார். நான் தையலைப் பிரித்துக் கொடுத்தேன். மறுபடி. மறுபடியும் தாண்டியது.

"எண்ணெய் விட்டியா இதுக்கு?"

"விட்டேன்."

மூன்றாவது துணியில் மெதுவாகத் தைத்தார். கோட்டுக்கு முன்பே, "எடுத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டைத் தாண்டி, மடிப்பைத் தாண்டி, துணியின் ஓரத்தில் போய் நின்றது.

தெருவில் யாரோ ஒரு கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். செருப்பில்லாத வெறும் கால். பெருவிரல் பெடலின்மேல் கிடந்தது. வைத்ததுபோல் இல்லை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது.

"இதுக்கு டர்போ கிடையாதில்ல?" என்றார்.

"இல்லைங்க."

பிறகு, "இன்னொண்ணு குடு" என்றார். கொடுத்தேன். இந்த முறை இடது காலைப் பெடலில் வைத்தார். ஊசி வந்து கோட்டின்மேல் நின்றது. இன்னொரு துணி. இடது கால். கோட்டின்மேல் நின்றது. மறுபடி வலது கால். தாண்டியது.

"நீ வேணும்னுதான் என்னை உக்கார வச்சே."

"ஆமாங்க."

"டீச்சரம்மா சொன்னாங்களா?"

"அவங்களும் சொன்னாங்க. செருப்பும் சொல்லுச்சு."

எழுந்துபோய்ச் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் காலைத் தூக்கி இன்னொரு முழங்கால்மேல் போட்டார். பாதம் தொங்கியது. விரலை மேலே தூக்கப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது, விரல் அசையவில்லை. அது அவருடையது இல்லை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல டீச்சரம்மாவை ஏத்தணும்" என்றார்.

நான் பிரித்த நூல்களைத் தரையிலிருந்து பொறுக்கினேன்.

"எல்லாரும் கார்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க. நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு, ஒரு டாக்டரைப் பாத்துட்டு, அப்புறமா சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. அவருக்கு இருந்த ஒரே தொழில் அது. அவர் மனைவியாக நான் 'சரி' பக்கம் நின்றேன். காலி நாற்காலி உருண்டு போய் மோதியது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நேரில் கேட்காத சத்தம் அது. நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் பதிலுக்காக வெகுநேரம் காத்திருந்தார். பிறகு போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணே" என்றது மேடத்தின் குரல். "கம்பெனிக்கு எழுதியாச்சு. ஆள் அனுப்பறாங்களாம். நீங்க மனசு விடாதீங்க."

"வண்டி சரியாத்தான் இருக்கு மேடம்."

"என்ன அண்ணே, நீங்கதானே சொன்னீங்க…"

"அது மெதுவா இறங்குறது நிஜம். அது அந்த வண்டியோட குணம். நாற்காலிய இடிச்சது என் கால். கால் எந்திரிக்க மாட்டேங்குது."

மேடம் ஏதோ சொல்ல வந்தார். இவர் விடவில்லை.

"காலைல டீச்சரம்மாவுக்கு வேற ஆள் பாருங்க. சாவியை வாங்கிக்க யாரையாவது அனுப்புங்க. நானே கொண்டுவந்து விடறேன்னு சொல்ல மாட்டேன்."

போனை வைத்த பிறகு மெஷினுக்கு வந்து உட்கார்ந்தார். "மிச்சத் துணியக் குடு. நீ நாளைக்குக் குடுக்கணுமில்ல" என்றார். இடது காலால் எல்லாத் திரைச்சீலைகளையும் தைத்து முடித்தார். சாவிக்கு ஆள் வந்து, கீழே கார் கிளம்பியபோது மட்டும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்தார். முனையில் திரும்பும்போது யாரோ ஒருவருடைய காலுக்கும் அந்த என்ஜின் மேலேயே நின்று, யோசித்து, மெதுவாகத்தான் இறங்கியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பின்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இவர் துள்ளினார். "கால்மேல கால் போட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டார் டாக்டர். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே போகிறதாம். உடம்பு இளைத்ததில் மேலே இருந்த மெத்தை போய்விட்டது. காத்திருந்த நேரமெல்லாம் தன் காலைத் தானே நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். "நோய்தானே டாக்டர்? குணம் இல்லையே?" என்று இவர் கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை.

அந்த நரம்பு மீண்டது, ஆனால் முழுவதும் இல்லை. பாதம் எழுகிறது, பெருவிரல் எழவில்லை. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் அவர் ஆளை ஏற்றி ஓட்டவில்லை. மையத்தில் எந்த வண்டி யாரை ஏற்ற எப்போது போகவேண்டும் என்று சொல்லும் வேலையை மேடம் கொடுத்தார். அதைச் செய்கிறார், விடுமுறை நாட்களில் இடது காலால் எனக்கு நேர்த் தையல் போட்டுக் கொடுக்கிறார். கால்மேல் கால் போடுவதில்லை. அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. வேறொருவர் ஓட்டுகிறார், அவருக்கும் அது மெதுவாகத்தான் இறங்குகிறது, அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. நாடிக்காரர் பட்டறையை விற்றுவிட்டு டயர் கடை வைத்திருக்கிறார். டீச்சரம்மா அந்த வருடக் கடைசியில், தன் வீட்டில், தூக்கத்தில் இறந்துபோனார். நான் இப்போதும் ஜன்னலோரத்தில்தான் தைக்கிறேன்.